ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ, கேம்பிரிட்ஜ், ஐபி: பிள்ளைக்குப் பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கும் முன்

ஜனவரி பிறந்தால் போதும், எல்கேஜி சேர்க்கைப் பேச்சு தொடங்கிவிடும். "சிபிஎஸ்இ போட்டால்தான் நீட் எழுத முடியும்", "ஸ்டேட் போர்டு என்றால் மனப்பாடம்தான்", "ஐபி படித்தால் நம் ஊரில் காலேஜ் கிடைக்காது" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவை ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் 14 ஆண்டுப் படிப்பையும், சில வீடுகளில் வீட்டுக் கடனுக்கு நிகரான பணத்தையும் முடிவு செய்துவிடுகிறார்கள் என்பதுதான் கவலை. தமிழ்நாட்டில் வசிக்கும், இந்தப் பெயர்களையெல்லாம் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கும் பெற்றோருக்காக, அடிப்படையிலிருந்து இதை எழுதுகிறேன்.

ஒரே பேச்சில் கலந்துவிடும் நான்கு விஷயங்கள்

பைக் லைசன்ஸ் எடுத்ததை நினைத்துப் பாருங்கள். சாலை விதிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஓட்டச் சொல்லித்தர டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். போட்டால் கையில் லைசன்ஸ். ஆர்டிஓவில் எட்டுதான் கேட்பார்கள் என்பதால் டிரைவிங் ஸ்கூலிலும் முதல் நாளிலிருந்தே எட்டுதான் பழக்குவார்கள். 'ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துக் காட்டு, நெரிசலில் ஓட்டிக் காட்டு' என்று நாளைக்கே கேட்க ஆரம்பித்தால், டிரைவிங் ஸ்கூல்கள் அடுத்த வாரமே தங்கள் பயிற்சியை மாற்றிக்கொள்ளும்.

பள்ளிக்கல்வியும் இப்படித்தான் இயங்குகிறது. எந்த வகுப்பில் எந்தப் பாடம் என்ற பட்டியல்தான் பாடத்திட்டம். அதைவிடப் பெரியது கலைத்திட்டம்: பிள்ளை என்னவெல்லாம் செய்யத் தெரிந்தவராக வளர வேண்டும், அதை எப்படிக் கற்பிப்பது, எப்படிச் சோதிப்பது என்ற முழுத் திட்டம் அது. தேர்வு நடத்திச் சான்றிதழ் கொடுப்பது வாரியம். நாம் போர்டு என்று சொல்வது இதைத்தான். நான்காவது, உங்கள் தெருமுனையில் இருக்கும் பள்ளி.

'சிபிஎஸ்இ நல்லது' என்று ஒருவர் சொல்லும்போது இந்த நான்கில் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் தன் பிள்ளை படிக்கும் பள்ளியைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். நல்ல ஆசிரியர் அமைந்த பெருமை போர்டுக்குப் போய்விடும். மோசமான நிர்வாகத்தின் பழியும் அதே போர்டுக்குத்தான் போகும்.

ஒவ்வொரு போர்டும் யாருக்காகப் பிறந்தது?

ஒரு போர்டின் குணம் பிடிபட, அது யாருக்காகத் தொடங்கப்பட்டது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த சுருக்கு வழி.

சிபிஎஸ்இ என்பது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். 1962இல் இது இன்றைய வடிவத்துக்கு மாற்றியமைக்கப்பட்டபோது, மத்திய அரசு வேலையில் ஊர் ஊராக மாற்றலாகும் பெற்றோரின் பிள்ளைகள் முக்கிய நோக்கமாக இருந்தார்கள். சென்னையில் ஏழாம் வகுப்பு படித்த பிள்ளை போபாலில் எட்டாம் வகுப்பைத் தடுமாறாமல் தொடர வேண்டும். அதனால் நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம். 1961இல் தொடங்கப்பட்ட என்சிஇஆர்டி, அதாவது தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம், வெளியிடும் புத்தகங்கள்தான் இதற்கு அடிப்படை.

ஐசிஎஸ்இ என்பது பத்தாம் வகுப்புத் தேர்வின் பெயர். அதை நடத்தும் கவுன்சில் 1958இல் உருவானது. அதுவரை இங்கே பல ஆங்கிலப் பள்ளிகளில் நடந்துவந்த கேம்பிரிட்ஜ் தேர்வை இந்தியாவிலேயே நடத்தவும், நம் தேவைக்கு ஏற்ப மாற்றவும்தான் இது வந்தது. அந்த வேர் இன்றும் தெரிகிறது: ஆங்கிலத்தில் மொழிக்கும் இலக்கியத்துக்கும் தனித்தனித் தாள், அறிவியலிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் தனித்தனித் தாள்.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு திட்டங்கள் இருந்தன. இவற்றை ஒன்றாக்க, முத்துக்குமரன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2010இல் சட்டம் வந்தது. வழக்குகளுக்குப் பிறகு 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. நான்கும் சமச்சீர் கல்வி என்ற ஒரே திட்டமாயின. இன்றைக்கும் பலர் மெட்ரிக் பள்ளியில் வேறு பாடத்திட்டம் என்று நினைத்து அதிகக் கட்டணம் கட்டுகிறார்கள். பெயர்ப்பலகையில் மெட்ரிகுலேஷன் என்று இருந்தாலும், பத்தாம் வகுப்புப் புத்தகம் அரசுப் பள்ளியில் இருக்கும் அதே புத்தகம்தான், எழுதுவதும் அதே பொதுத்தேர்வுதான். அதே போல, 2018 முதல் வந்த புதிய பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியல் புத்தகங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் 'ஸ்டேட் போர்டு எளிது' என்று பேசுவோரும் நிறைய. ஒருமுறை வாங்கிப் பாருங்கள். கனம் கையிலேயே தெரியும்.

அடுத்து வெளிநாட்டுத் திட்டங்கள் இரண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வு அமைப்பு நடத்துவது ஐஜிசிஎஸ்இ. இங்கிலாந்தின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வை மற்ற நாடுகளுக்கு ஏற்றபடி அமைத்தது. முதல் தேர்வு 1988இல் நடந்தது. அதற்கு மேல் பிளஸ் டூவுக்கு இணையாக ஏ லெவல். ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பேக்கலரேட், 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. தூதரகங்களிலும் சர்வதேச அமைப்புகளிலும் வேலை பார்த்து நாடு நாடாக மாறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கும் சான்றிதழ் ஒன்று தேவைப்பட்டது. இந்தியாவில் இதை முதலில் எடுத்துக்கொண்ட பள்ளி நம் கொடைக்கானலில்தான் இருக்கிறது: கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976இல்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மாநிலத்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே திட்டமாகச் சமச்சீர், நாட்டுக்குள் இடம் மாறுவோருக்குச் சிபிஎஸ்இ, நாடு விட்டு நாடு மாறுவோருக்குக் கேம்பிரிட்ஜும் ஐபியும். உங்கள் குடும்பம் இதில் எந்த வகை என்பது பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

'இன்டர்நேஷனல்' என்று பலகை வைத்தால் போதுமா?

போதாது. நம் ஊர்களில் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்று பெயர் வைத்த பள்ளிகளில் மிகப் பல, சிபிஎஸ்இ பள்ளிகளே. அதில் தவறில்லை. ஆனால் பெயரைப் பார்த்து வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்று நம்பிச் சேர்ப்பது தவறு. சிபிஎஸ்இ, கேம்பிரிட்ஜ், ஐபி மூன்றுமே தங்களிடம் அனுமதி பெற்ற பள்ளிகளைத் தங்கள் இணையதளத்தில் தேடிப் பார்க்க வசதி வைத்திருக்கின்றன. ஐபியில் இன்னொரு நுணுக்கம் உண்டு: தொடக்க நிலை, நடுநிலை, டிப்ளமோ (பிளஸ் ஒன், பிளஸ் டூ நிலை) என்று தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். தொடக்க நிலைக்கு அனுமதி உள்ள பள்ளியில் டிப்ளமோவும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரே பாடம், நான்கு விதக் கேள்வி

எந்தப் போர்டு 'கடினம்' என்ற கேள்வியே சரியில்லை என்பது என் எண்ணம். பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். நியூட்டன் எல்லா ஊரிலும் நியூட்டன்தான். எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. மின்னோட்டம் பற்றிய ஓம் விதியை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை மாறாதபோது, கடத்தியில் பாயும் மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதுதான் விதி. பத்தாம் வகுப்பை ஒட்டிய வயதில் எல்லாப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். கீழே வரும் கேள்விகள் அந்தந்தத் தேர்வின் போக்கைக் காட்ட நான் அமைத்தவை.

சமச்சீர் பொதுத்தேர்வில் இது 'ஓம் விதியைக் கூறுக' என்று நேரடியாக வரும், கூடவே ஒரு சிறு கணக்கும் வரலாம். புத்தகத்தில் உள்ள வரியைப் பிழையில்லாமல் எழுதினால் முழு மதிப்பெண். தெளிவாக வரையறுத்து எழுதுவதும் ஒரு திறமைதான். நான் அதை இழிவாக நினைக்கவில்லை. வீட்டில் பாடம் சொல்லித்தர யாரும் இல்லாத பிள்ளைக்கு, 'இந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தால் மதிப்பெண் நிச்சயம்' என்ற உறுதி எவ்வளவு பெரிய துணை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சிபிஎஸ்இயில் விதியைக் கேட்பதோடு, ஒரு பத்தி கொடுத்து அதிலிருந்தும் கேட்பார்கள். ஒரு வீட்டில் ஹீட்டரும் மின்விசிறியும் ஓடுகின்றன, இன்னின்ன அளவுகள், எதில் அதிக மின்னோட்டம் பாயும், ஏன் என்பது போல. சமீப ஆண்டுகளில் இந்த மாதிரிக் கேள்விகளின் பங்கைக் கூட்டியிருக்கிறார்கள். விதி மனதில் இருந்தால் போதாது. படித்துப் புரிந்து பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஐஜிசிஎஸ்இ இயற்பியலில், செய்முறைத் திறனைச் சோதிக்க என்றே ஒரு தாள் இருக்கிறது. கேள்வித்தாளில் அம்மீட்டரின் படம் இருக்கும். முள் எங்கே நிற்கிறது என்று மாணவர் படித்து எழுத வேண்டும். அட்டவணையை நிரப்பி, வரைபடம் போட்டு, கோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் 'இந்தச் சோதனையில் அளவு பிசகக் காரணம் என்ன?' என்று ஒரு கேள்வி. கம்பி சூடாகி மின்தடை மாறியிருக்கலாம் என்று அவருக்கே தோன்ற வேண்டும். பாடத்தில் 'வெப்பநிலை மாறாதபோது' என்ற இரண்டு சொற்களை வெறுமனே ஒப்பித்த பிள்ளைக்கும் அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று யோசித்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்பட்டுவிடும்.

ஐபி டிப்ளமோவில், அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில், மாணவரே ஒரு கேள்வியை உருவாக்கிச் சோதனை செய்து அறிக்கை எழுத வேண்டும். 'கம்பியின் வெப்பநிலை கூடும்போது மின்தடை எவ்வளவு மாறுகிறது?' என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கருவி, எத்தனை அளவீடு, பிழை எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. இதற்கு அறிவியல் பாட மதிப்பெண்ணில் 20 சதவீதம். இப்படிப் பள்ளி அளவில் செய்யும் வேலைக்குத் தரும் மதிப்பெண்தான் அகமதிப்பீடு. சிபிஎஸ்இயிலும் பத்தாம் வகுப்பில் 100க்கு 20 அகமதிப்பீடுதான். அளவு ஒன்று, தன்மை வேறு. ஐபியில் பள்ளி போட்ட மதிப்பெண்ணை, சில மாதிரிகளை வரவழைத்து வெளியிலிருந்து திருத்திச் சரிபார்க்கிறார்கள்.

ஆக, போர்டுகளின் வேறுபாடு கேள்வித்தாளில் இருக்கிறது. கேள்வித்தாள் மாறினால் வகுப்பறை மாறும், எட்டு மாறினால் டிரைவிங் ஸ்கூல் மாறுவது போல. பழைய கேள்வித்தாள்கள் பல இணையத்தில் கிடைக்கின்றன. பள்ளியின் பளபளப்பான கையேட்டுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை அவற்றுக்குக் கொடுங்கள்.

சான்றிதழ் எங்கே செல்லும்?

இங்கேதான் தவறான தகவல்கள் அதிகம், இழப்பும் அதிகம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு. இங்கே நுழைவுத்தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப். வேறு போர்டு மாணவர்களின் மதிப்பெண்ணை இதோடு ஒப்பிட ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு பாடத்தில் மாநிலப் போர்டின் முதல் மதிப்பெண் 100, இன்னொரு போர்டின் முதல் மதிப்பெண் 95 என்று வைத்துக்கொள்வோம். அந்த 95ஐ 100ஆக எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் அதே விகிதத்தில் கூட்டுவார்கள். 76 எடுத்தவருக்கு 80 ஆகும். முதலிடத்தை மட்டும் வைத்துச் சமன் செய்வதால், இரண்டு போர்டிலும் முதல் மதிப்பெண் 100ஆக இருந்தால் யாருக்கும் எதுவும் கூடாது. கேள்வித்தாள் கடினமாக இருந்து நடுவில் உள்ளவர்கள் மதிப்பெண் குறைந்திருந்தாலும் அதற்கு ஈடு கிடைக்காது. அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரியில் இடம் என்பதே குறிக்கோள் என்றால் சமச்சீரில் படிப்பது எந்த விதத்திலும் குறையில்லை.

அடுத்து நீட். எந்தப் போர்டு மாணவரும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். 180 கேள்விகள், 720 மதிப்பெண், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை. பாடத்திட்டம் என்சிஇஆர்டி புத்தகங்களை ஒட்டியது என்பதால், சிபிஎஸ்இ மாணவர் தன் பாடப்புத்தகத்தையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். 'நீட்டுக்குச் சிபிஎஸ்இ' என்ற பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான். அதற்காக ஒன்றாம் வகுப்பிலிருந்தே சிபிஎஸ்இ வேண்டும் என்பதில்லை. நீட்டில் கேட்பது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 'ஸ்டேட் போர்டுக்கு' என்று சிலர் நினைக்கிறார்கள். அது போர்டைப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. தனியார் மெட்ரிக் பள்ளி மாணவருக்கு அது கிடைக்காது.

ஐபி படித்தால் இங்கே கல்லூரியில் சேர முடியாது என்பது உண்மையில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் ஐபி டிப்ளமோவையும், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு ஏ லெவலையும் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. சிக்கல் இருப்பது பாடத் தேர்வில். டிப்ளமோவில் ஆறு பாடங்கள். இரண்டு மொழிகள், சமூகம் சார்ந்த ஒன்று, அறிவியல் ஒன்று, கணிதம், ஆறாவதாகக் கலை அல்லது விருப்பமான இன்னொன்று. இதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் முழுப் பாடங்களாகச் சேர்க்க வழக்கமான அமைப்பில் இடமில்லை. பல்கலைக்கழக நிபந்தனையைக் காட்டிச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். நீட்டுக்கோ மூன்றும் வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் இதைக் கேள்விப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. ஏ லெவலில் பாடங்களைத் தேர்வதற்குச் சுதந்திரம் அதிகம். பள்ளியில் ஆசிரியர் இருந்தால் மூன்றையும் எடுக்கலாம்.

காலக் கணக்கும் முக்கியம். நம் பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்துவிடும். மே மாதத்தில் எழுதும் ஐபி தேர்வின் முடிவு ஜூலைத் தொடக்கத்தில் வரும். கேம்பிரிட்ஜின் மே, ஜூன் தேர்வு முடிவு வர ஆகஸ்ட் ஆகிவிடும். இதற்காகவே இந்தியப் பள்ளிகளுக்கு மார்ச் தேர்வு என்று ஒன்றை வைத்து, மே மாதத்தில் முடிவு தருகிறார்கள். எல்லாப் பாடமும் அதில் இருக்காது. சில கல்லூரிகள், மாணவர் எவ்வளவு எடுப்பார் என்று பள்ளி முன்கூட்டியே தரும் கணிப்பு மதிப்பெண்ணை வைத்துத் தற்காலிக இடம் தரும். எல்லாரும் தருவதில்லை.

வெளிநாட்டில் பட்டப்படிப்பு என்று உறுதியாக இருந்தால் கணக்கு மாறும். 45க்கு இத்தனை என்று வரும் ஐபி மதிப்பெண்ணையோ ஏ லெவல் கிரேடையோ அங்கே உள்ள பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் புரிந்துகொள்ளும். ஆனால் சிபிஎஸ்இ, சமச்சீர் மாணவர்களும் ஆண்டுதோறும் அங்கே போய்ப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு ஐபி கட்டாயமில்லை.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது: எந்தச் சான்றிதழும் எங்கேயும் கதவை மூடுவதில்லை. எந்தப் பாடங்களோடு, எந்த மாதத்தில் அது கைக்கு வருகிறது என்பதுதான் சிக்கலை உண்டாக்குகிறது.

எந்த வயதில் எது முக்கியம்?

ஐந்தாம் வகுப்பு வரை போர்டைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதே இல்லை என்பேன். அந்த வயதில் வேண்டியது சரளமாகப் படிப்பது, எழுதுவது, எண்களோடு பழகுவது, பயமில்லாமல் கேள்வி கேட்பது. இவற்றை எந்தப் போர்டுப் பள்ளியும் நன்றாகச் செய்யலாம், எந்தப் போர்டுப் பள்ளியும் கெடுக்கலாம். வீட்டுக்கு அருகில் உள்ள, ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறாத பள்ளியே மேல்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது, முடிந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரின் நோட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே விடை, ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் அடிக்கோடு என்றால், கரும்பலகையைப் பார்த்து எழுதியது. கேம்பிரிட்ஜ் பெயரோடு நடக்கும் பள்ளியிலும் இது இருக்கலாம். விடைகள் வேறு வேறாக, சில தவறாக, ஆசிரியர் ஓரத்தில் ஏதாவது எழுதித் திருத்தியதாக இருந்தால், அங்கே யாரோ உண்மையாகவே பாடம் நடத்துகிறார்கள்.

ஆறிலிருந்து எட்டு வரை போர்டு மாற்ற வசதியான காலம். ஒன்பதில் சேர்வது இன்னும் முடியும். அதற்குப் பிறகு கடினம்: சிபிஎஸ்இயில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே தொடர், பதினொன்றும் பன்னிரண்டும் இன்னொரு தொடர். அதனால் பத்திலோ பன்னிரண்டிலோ புதிதாகச் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஐஜிசிஎஸ்இ முடித்துப் பதினொன்றாம் வகுப்புக்குச் சிபிஎஸ்இ வருவது நகரங்களில் பலர் செய்வதுதான். ஐஜிசிஎஸ்இயில் கணிதம் போன்ற பாடங்களை எளிய பிரிவு, கடினமான பிரிவு என்று இரண்டில் ஒன்றாக எழுதலாம். அப்படி வருபவர்கள் கடினமான பிரிவை எழுதியிருப்பது நல்லது. எளிய பிரிவில் எட்டக்கூடிய உச்சமே சி கிரேடுதான், அதை வைத்துக்கொண்டு பிளஸ் ஒன் கணிதத்தில் நிற்பது பிள்ளைக்குப் பெரும் பாடு.

அப்புறம் தமிழ். 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆனாலும், வெளிநாட்டுத் திட்டத்தில் நடக்கும் பள்ளிகளில் மேல் வகுப்புக்குப் போகும்போது பிரெஞ்சும் ஸ்பானிஷும் கால அட்டவணையில் முன்னுக்கு வந்து தமிழ் ஒதுங்கிவிடுவதைப் பார்க்கிறோம். தாத்தா பாட்டியோடு பேசத் தெரிந்தாலும், ஒரு பக்கத்தைத் தமிழில் படிக்கத் திணறும் பதினாறு வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். எந்தப் போர்டாக இருந்தாலும், எந்த வகுப்பு வரை, வாரத்துக்கு எத்தனை பீரியட் தமிழ், யார் நடத்துகிறார்கள், இறுதித் தேர்வில் அது ஒரு பாடமாக வருமா என்று சேர்க்கைக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.